இருமல் நின்றுபோன மாடு

முன்னெச்சரிக்கை: இது முழுக்க முழுக்க மாடு பற்றிய பதிவு. பொட்டி தட்டுறவனுக்கும் மாட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்கிறவர்களுக்கு: இன்ஜினியரிங் சேரும் வரைக்கும் நான் பார்த்த கம்ப்யூட்டர்களை விட மாடுகள்தான் அதிகம் :-)

கன்னுக்குட்டிக்கு நிமோனியா வந்தால் என்ன செய்வார்கள்? காது தொங்கிப்போய், மூக்கில் சளி ஒழுக, இழுத்து இழுத்து மூச்சு விடும். முதலில் அதை மற்ற கன்றுகளிடமிருந்து பிரித்துக் கட்டுவார்கள். ஈரமில்லாத தரை, கீழே வைக்கோல், மேலே சாக்கு, குளிர்காற்று நேராக அடிக்காத மூலை. பாலை ஒரே மூச்சாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. கால்நடை டாக்டர் வந்து ஊசி போடுவார். போட்ட மருந்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்று மிரட்டிவிட்டும் போவார். சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். பிறந்த முதல் சில மணி நேரத்தில் வயிறு நிறையச் சீம்பால் குடித்த கன்று என்றால் இன்னும் நல்லது.

இது சாதாரண நிமோனியாவின் கதை. நல்லா பார்த்துக்கிட்டா பிழைக்கும், பிழைச்சா எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆனால் மாட்டு நுரையீரலைத் தாக்கும் நோய்களில் ஒன்றுக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அதில் செத்துப்போகும் மாட்டை விட ஆபத்தானது பிழைத்து எழுந்து, இருமல் நின்று, புல் மேய ஆரம்பிக்கிற மாடு. ஒரு மாட்டைக் காப்பாற்றுவதும் ஒரு மந்தையைக் காப்பாற்றுவதும் எதிரெதிர் திசையில் இழுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நோய் ஐரோப்பாவிலிருந்து கப்பல் ஏறி மூன்று கண்டங்களுக்குப் போனது. போன இடத்திலெல்லாம் கேள்வி ஒன்றுதான். மாட்டை யார் கொல்வது, அதற்கு யார் காசு கொடுப்பது? அந்தக் கேள்வியின் வரலாறுதான் இந்தப் பதிவு.

நோய் எப்படி வேலை செய்கிறது

இங்கிலீஷ்காரன் வைத்த முழுப்பெயர் வாயில் நுழையாது. மாடுகளின் தொற்று நுரையீரல் அழற்சி என்று வைத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவில் சுருக்கமாக லங்சிக்னஸ், ஆஸ்திரேலியாவில் இன்னும் சுருக்கமாக ப்ளூரோ.

காரணம் மைக்கோபிளாஸ்மா என்கிற மிகச் சிறிய கிருமி. 1898ல் பிரான்ஸில் நோக்கார், ரூ என்ற இரண்டு விஞ்ஞானிகள் முதன்முதலில் இதை வளர்த்துக் காட்டினார்கள். இதன் விசேஷம், இதற்குச் செல்சுவர் கிடையாது. பென்சிலின் வேலை செய்வதே பாக்டீரியா சுவர் கட்டுவதைக் கெடுத்துத்தான். சுவரே இல்லாதவனிடம் போய் செங்கல்லை உருவுவேன் என்று மிரட்டினால்? அதேதான், பென்சிலினால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நோய் பரவுவது பெரும்பாலும் இருமல் வழியாக, மாட்டிலிருந்து பக்கத்து மாட்டுக்கு. வெளியே கிருமி ரொம்ப நாள் தாங்காது. ஆக, மாடு நடந்தால்தான் நோய் நடக்கும். கேட்க ஆறுதலாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் அடுத்தது. உடம்புக்குள் போன கிருமி சில வாரத்திலிருந்து சில மாதம் வரை சத்தமே போடாமல் இருக்கும். அதற்குள் மாடு சந்தைக்குப் போகும், கப்பல் ஏறும், வண்டி இழுத்துக்கொண்டு முந்நூறு மைல் போகும்.

அப்புறம் காய்ச்சல், இருமல். முழங்கைகளை வெளிப்பக்கம் அகட்டி, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். மூச்சு விடும்போது முனகும். மந்தையில் பாதி கூடப் போய்விடலாம். ஆறு மாதத்துக்குள் இருக்கிற கன்றுகளிடம் மட்டும் வேறு வேஷம். பல நேரம் இருமலே இருக்காது, கால் மூட்டுகள் வீங்கி நொண்டும். எங்கேயோ இடறி அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

பிழைத்த மாட்டின் கதைதான் மோசம். நுரையீரலில் செத்துப்போன துண்டைச் சுற்றி உடம்பு ஒரு கெட்டியான உறையைக் கட்டிவிடும். உள்ளே கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மாடு பார்க்க நன்றாக இருக்கும், பாலும் கறக்கும். என்றைக்காவது உறை உடைந்தால் மறுபடி முதலிலிருந்து.

வாலில் ஒரு ஊசி

பெல்ஜியத்தில் ஹாசெல்ட் என்று ஒரு ஊர். அந்த ஊர்த் தொழில் சாராயம் வடிப்பது. வடித்து மிஞ்சிய ஊறல் கழிவை மாட்டுக்குப் போட்டுக் கொழுக்க வைத்து விற்பது உபதொழில். எங்கெங்கிருந்தோ வாங்கிவந்த மாடுகள் ஒரே கொட்டகையில் நெருக்கியடித்து நிற்கும். இந்த நோய்க்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

லூயி வில்லெம்ஸ் அந்த ஊர் டாக்டர், மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். அவர் அப்பா சாராய ஆலைக்காரர், மாடும் கொழுக்க வைப்பவர். ஒரு தடவை நோய் வந்து பிழைத்த மாட்டுக்குத் திரும்ப வருவதில்லை என்பதை மகன் கவனித்தார். செத்த மாட்டின் நுரையீரலிலிருந்து நீரை எடுத்து நல்ல மாட்டுக்குக் குத்திப் பார்த்தார். உடம்பில் குத்தினால் வீங்கி மாடே போய்விடும் அபாயம். வால் நுனியில் குத்தினால் வீக்கம் பெரும்பாலும் அங்கேயே நின்றது. 1852ல் இதை வெளியிட்டார்.

இதில் நான் அசந்துபோனது வருஷத்தைப் பார்த்துத்தான். லூயி பாஸ்டர் கோழிக் காலராவுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்க இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. நோய்க்குக் காரணம் கிருமி என்பதே ஊர்ஜிதமாகாத காலம். தப்பும் நடந்தது. சில மாடுகளுக்கு வால் அழுகி விழுந்தது, சிலவற்றுக்கு வீக்கம் மேலேறிச் செத்தன. பல நாடுகளில் கமிஷன் போட்டு, இது பலிக்குமா பலிக்காதா என்று வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். ஆனாலும் முறை பரவியது. ஆஸ்திரேலியாவில் கம்பளி நூலை அந்த நீரில் தோய்த்து, ஊசியில் கோர்த்து வால் நுனியில் குத்தி இழுப்பார்கள். நூல் உள்ளேயே இருக்கும்.

வில்லெம்ஸ்தான் முதல் ஆளா என்றால் அங்கேதான் சுவாரசியம். மேற்கு ஆப்பிரிக்காவின் மாடு மேய்க்கும் மக்களிடம் இதே யோசனை தனியாக இருந்தது. அவர்கள் நோயுற்ற நுரையீரல் துண்டை மாட்டின் மூக்கெலும்புக்கு மேலே தோலுக்கடியில் வைத்தார்கள். அந்த இடம் புடைத்து எலும்பு வளர்ந்து மூன்றாவது கொம்பு மாதிரி நிற்கும். 1880களில் செனகலில் இதைப் பார்த்த ஒரு பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் மூன்று கொம்பு மாட்டினம் ஒன்று இருப்பதாகவே எழுதிவிட்டார். ஊசி போட்ட தழும்புக்கு லத்தீன் பெயர் வைத்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார் :-)

வால் ஊசியில் அடிப்படைக் கோளாறு ஒன்று இருந்தது. மருந்து வேண்டுமென்றால் நோயில் செத்த மாடு வேண்டும். நோயைத் தடுக்க நோயைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். நஷ்டத்தைக் குறைக்கலாம், அதை வைத்து நோயை ஒழிக்க முடியாது.

மோசல் பேயில் இறங்கிய காளைகள்

1853. தென்னாப்பிரிக்காவின் மோசல் பே துறைமுகத்தில் ஒரு டச்சுக் கப்பல் சில ஃப்ரீஸ்லாந்து காளைகளை இறக்கியது. உள்ளூர் மாட்டினத்தை மேம்படுத்தத்தான் கொண்டுவந்தார்கள். கூடவே நோயும் இறங்கியது. அங்கே ரயில் கிடையாது, எல்லாச் சரக்கும் எருது பூட்டிய வண்டியில்தான் போகும். வண்டித்தடம் போன வழியெல்லாம் நோய் போனது. இரண்டே வருஷத்தில் கேப் காலனியில் ஒரு லட்சம் மாடுகள் செத்தன என்பது கணக்கு. 1855ல் காலனியின் கிழக்கு எல்லையைத் தாண்டி கோசா மக்களின் நாட்டுக்குள் நுழைந்தது.

கோசா மக்களுக்கு மாடு என்றால் என்ன என்பது நமக்குப் புரிவது சுலபம். பழைய தமிழில் மாடு என்றாலே செல்வம்தான், குறளிலும் அந்தப் பொருளில் வருகிறது. அங்கேயும் அப்படியே. சாப்பாட்டில் முக்கிய பங்கு புளித்த பாலுக்கு. பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசம் மாட்டில். முன்னோர்களிடம் பேசுவது மாட்டைப் பலி கொடுத்து. அப்போதுதான், 1850லிருந்து 1853 வரை, பிரிட்டிஷாரோடு நீண்ட போர் ஒன்றில் தோற்று நிலத்தையும் இழந்திருந்தார்கள். அதன் மேல் இந்த நோய்.

சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மந்தைகளை ஒதுக்குப்புறமான மலைப்பக்கம் ஓட்டிப்போனார்கள். வெளி மாடுகள் உள்ளே வராமல் தடுத்தார்கள். பலிக்கவில்லை. ஃபாத்தோ என்ற தலைவர் தன் மந்தையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்தார்.

1856 ஏப்ரலில், காரா ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நோங்கவூசே என்ற பதினைந்து பதினாறு வயசுப் பெண் தனக்கு இரண்டு அந்நியர்கள் தோன்றியதாகச் சொன்னாள். அவர்கள் சொன்ன செய்தி: இருக்கும் மாடுகள் எல்லாம் தீட்டுப்பட்டவை. அத்தனையையும் கொல்லுங்கள். தானியத்தை அழியுங்கள், புதிதாக விதைக்காதீர்கள். செத்தவர்கள் எழுந்து வருவார்கள், நோயில்லாத புது மாடுகள் வரும். அவளுடைய சிற்றப்பன் முறையான ம்ஹ்லகாசா இதை எல்லாத் தலைவர்களுக்கும் சொல்லி அனுப்பினார். பெரிய தலைவர் சர்ஹிலியும் நம்பினார்.

எல்லாரும் நம்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நம்பியவர்களுக்கு மென்மையானவர்கள், நம்பாதவர்களுக்குக் கெட்டியானவர்கள் என்று அவர்கள் மொழியிலேயே பெயர் விழுந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் மென்மை, தம்பி கெட்டி. சொன்ன நாள் வந்து ஒன்றும் நடக்காதபோது, நீங்கள் உங்கள் மாட்டைக் கொல்லாததால்தான் நடக்கவில்லை என்று கெட்டியானவர்கள் மேல் பழி விழுந்தது. கடைசியாகக் குறித்த நாள் 1857 பிப்ரவரியில். அன்றைக்கும் சூரியன் வழக்கம்போல உதித்து வழக்கம்போல மறைந்தது.

கொல்லப்பட்ட மாடுகள் சுமார் 4 லட்சம் என்கிறார்கள். பட்டினியில் செத்த மனிதர்கள் சுமார் 40,000. பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்த கோசா பகுதியில் 1,05,000 பேர் இருந்த இடத்தில் 27,000 பேர்கூட மிஞ்சவில்லை. செத்தது போக மற்றவர்கள் சாப்பாட்டுக்காகக் காலனிக்குள் கூலி வேலைக்குப் போனார்கள். கவர்னர் ஜார்ஜ் கிரே உதவியைக் கூலி ஒப்பந்தத்தோடு முடிச்சுப்போட்டார். காலியான நிலத்தில் வெள்ளைக்காரக் குடியேறிகள் வந்து உட்கார்ந்தார்கள்.

இந்தக் கதையை நூறு வருஷமாக "மூடநம்பிக்கையால் ஒரு இனமே தற்கொலை செய்துகொண்டது" என்று சொல்லிவந்தார்கள். ஜெஃப் பைரஸ் என்ற வரலாற்றாசிரியர் 1989ல் இது பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். லங்சிக்னஸ் இல்லாமல் இந்த நிகழ்வே இல்லை என்பது அவர் கட்சி. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எப்படியும் சாகப்போகிற மாடு, நல்லதா நோயா என்று கண்ணால் சொல்லவே முடியாத மாடு, உங்களிடம் இருக்கிறது. ஒருத்தர் வந்து, இதையெல்லாம் கொன்றுவிடு, சுத்தமான மாடு வரும் என்கிறார். அந்த வாக்கியத்தில் முதல் பாதி பைத்தியக்காரத்தனம் இல்லை. முப்பது வருஷம் கழித்து அமெரிக்க அரசாங்கம் செய்ததும் கிட்டத்தட்ட அந்த முதல் பாதியைத்தான். வித்தியாசம் இரண்டாம் பாதியில்.

காசு கொடுத்துக் கொன்றவர்கள்

அமெரிக்காவுக்கு நோய் போனது 1843ல், நியூயார்க் பக்கத்தில் புரூக்ளின் பால்காரர் ஒருவர் இங்கிலாந்துக் கப்பலிலிருந்து வாங்கிய ஒரே ஒரு பசுவோடு. அங்கேயும் சாராய ஆலைக் கழிவு தின்னும் நெரிசலான கொட்டகைகள் இருந்தன. ஹாசெல்ட் கதை மறுபடி. நாற்பது வருஷம் கிழக்குக் கரையோர மாநிலங்களில் புகைந்துகொண்டே இருந்தது.

விஷயம் சூடுபிடித்தது நோயால் இல்லை, ஏற்றுமதியால். 1879ல் இங்கிலாந்து, அமெரிக்க மாடுகளை இறங்கிய துறைமுகத்திலேயே வெட்டிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டது. மேய்ச்சலுக்கு விடமுடியாது, நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. மாட்டுக்காரர்களுக்குப் பெரிய அடி. 1884ல் அமெரிக்கா கால்நடைத் தொழிலுக்கென்று மத்திய அரசில் தனி அமைப்பையே உருவாக்கியது. அதன் முதல் தலைவர் டேனியல் சால்மன். ஆமாம், சால்மொனெல்லா கிருமிக்குப் பெயர் கொடுத்த அதே சால்மன்.

1886ல் நோய் சிகாகோவின் சாராய ஆலைக் கொட்டகைகளில் தெரிந்தது. அங்கிருந்து மேற்கே பரந்த புல்வெளிகளுக்குப் போய்விட்டால் கதை முடிந்தது. எந்த மந்தை எங்கே இருக்கிறது என்று யாராலும் தேட முடியாது. அரசாங்கம் பணத்தை இறக்கியது. நோய்ப்பட்ட மாடுகளை உடைமையாளரிடம் விலை கொடுத்து வாங்கி வெட்டினார்கள். மாடுகள் ஊர்விட்டு ஊர் போவதை முடக்கினார்கள். 1892ல் நோய் ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது. மொத்தச் செலவு சுமார் 15 லட்சம் டாலர். கடைசி ஐந்து வருஷத்தில் நடந்த வேலை, அதற்கு முந்தைய நாற்பது வருஷத்தில் நடக்கவில்லை.

ஆஸ்திரேலியாவுக்கு 1858ல் போனது. தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, இறைச்சிக்கூடத்தில் நுரையீரலைப் பார்த்து அந்த மாடு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று துப்புத் துலக்கிப் போவது என்று எல்லாம் செய்து 1973ல்தான் விடுபட்டார்கள். 115 வருஷம்!

நம்ம நாட்டில் கடைசியாக அஸ்ஸாம் பக்கம் இருந்தது. 1990க்குப் பிறகு தென்படவில்லை. 2007ல் இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று உலகக் கால்நடை நல அமைப்பு அங்கீகரித்தது. 2011ல் மாட்டு வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்தபோது கொஞ்சமாவது செய்தி வந்தது. இது சத்தமில்லாமல் போனது.

கணக்கு முடியவில்லை

"ஆக, காசு கொடுத்துக் கொன்றால் போதும், சுபம்" என்று முடிக்கத்தான் ஆசை. போட்ஸ்வானா விடமாட்டேன் என்கிறது.

1995ல் நமீபியா பக்கமிருந்து நோய் போட்ஸ்வானாவின் வடமேற்கு மாவட்டத்துக்குள் வந்தது. அந்த நாடு ஐரோப்பாவுக்கு மாட்டிறைச்சி விற்றுப் பிழைப்பது. 1996ல் அந்த மாவட்டத்தில் இருந்த மாடுகள் அத்தனையும், சுமார் 3,20,000, அரசாங்கமே கொன்றது. நஷ்டஈடு கொடுத்தார்கள், நோயும் போய்விட்டது. புத்தகத்தில் போடலாம் போன்ற வெற்றி. ஆனால் பிற்பாடு வந்த ஆய்வு ஒன்று அந்த மாவட்டத்தின் ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைகளிடம் ஊட்டச்சத்துக் குறைவு அதிகமானதைக் காட்டியது. செக் வந்தது, பால் வரவில்லை. நோட்டைக் கறக்க முடியாதே.

ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இந்த நோய் இன்னும் இருக்கிறது. அங்கே நஷ்டஈடு கொடுக்க அரசாங்கத்திடம் காசில்லை. எல்லை தாண்டி மேய்கிற மந்தையைக் கட்டி வைக்கவும் முடியாது. தடுப்பூசி உண்டு. 1950களில் தான்சானியாவில் கிடைத்த கிருமியைக் கோழி முட்டையில் 44 தடவை மாற்றி மாற்றி வளர்த்துப் பலவீனமாக்கிய டி1/44 தான் இன்றைக்கும் முக்கியமானது. அதன் பாதுகாப்பு நீண்ட நாள் நிற்பதில்லை, திரும்பத் திரும்பப் போடவேண்டும். ஆகவே மாடு வைத்திருப்பவர் சந்தையில் டெட்ராசைக்ளின் வாங்கித் தானே குத்துகிறார். மருந்து கொடுத்தால் நோயை ஒளித்துவைத்துப் பரப்பும் மாடுகள் உருவாகும் என்று நிபுணர்கள் ரொம்ப காலமாக எதிர்த்தார்கள். சரியாகக் கொடுத்தால் பரவலைக் குறைக்கவும் செய்யலாம் என்று இப்போது சில ஆய்வுகள் சொல்கின்றன. விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுராத்திரியில் மாடு முனகுவதைக் கேட்டுக்கொண்டு இருப்பவருக்கு அந்த விவாதம் முடியும் வரை காத்திருக்க நேரமில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். 1852லிருந்து இன்றுவரை இந்த நோயை ஒழித்த நாடுகள் எல்லாம் புத்திசாலி நாடுகள், ஒழிக்க முடியாதவர்கள் அறியாதவர்கள் என்று இல்லை. செனகல் மேய்ப்பருக்கு நோய் எதிர்ப்பு புரிந்திருந்தது, கோசா தலைவர்களுக்கு ஒதுக்கி வைப்பது தெரிந்திருந்தது. குறைந்தது அறிவு இல்லை. "உன் மாட்டைக் கொல்லு, அதற்குப் பதில் நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லி, சொன்னபடி நிற்கிற ஒரு ஆள்தான் இல்லை. அமெரிக்காவில் அந்த ஆள் செக் புத்தகத்தோடு வந்தார். 1857ல் கோசா நாட்டில் அந்த வாக்கைக் கொடுத்தவர்கள் கல்லறையிலிருந்து வரவேண்டியவர்கள். வந்தது கிரேயின் கூலி ஒப்பந்தம்.

பி.கு. 1: 2010ல் கிரெய்க் வென்டர் குழு செயற்கையாக எழுதிய மரபணுத் தொகுப்பை ஒரு செல்லுக்குள் வைத்து இயக்கிக் காட்டியது நினைவிருக்கிறதா? அவர்கள் காப்பியடித்த மூலம், இந்தக் கிருமியின் நெருங்கிய சொந்தம், ஆட்டைத் தாக்குகிற மைக்கோபிளாஸ்மா. சுமார் 10 லட்சம் எழுத்து. அதற்குள் தங்கள் பெயர்களையும் ஒரு இணைய முகவரியையும் சங்கேதமாக எழுதி வைத்தார்கள். கோடுக்குள் கமெண்ட் எழுதுகிற வியாதி அங்கேயும் இருக்கிறது :-)

பி.கு. 2: உங்க ஊர்ப்பக்கம் கன்னுக்குட்டி இருமலுக்கும் இழுப்புக்கும் என்ன பெயர் சொல்வார்கள், வீட்டில் என்ன செய்வார்கள்? பெரியவர்களிடம் கேட்டு ஒரு பதிவு போடுங்களேன். வைத்தியத்துக்காக இல்லை, அதுக்கு டாக்டர் இருக்கார். அந்த வார்த்தைகளுக்காக.